மைதா இல்லாவிட்டால் போதுமா, சுக்கு சேர்த்தால் போதுமா?

கிறிஸ்துமஸ் பலகாரப் பேச்சு எழும்போதெல்லாம் தூத்துக்குடிப் பக்கம் இரண்டு நம்பிக்கைகள் கூடவே வரும். மக்ரூனில் மைதா கிடையாது, அதனால் வயிற்றைக் கெடுக்காது என்பது ஒன்று. இஞ்சி பிஸ்கட்டில் சுக்கு இருக்கிறது, அது தன்னைத் தானே செரிக்க வைத்துக்கொள்ளும் என்பது மற்றொன்று. கல்லைத் தின்றாலும் செரிக்கிறவர்களுக்கு இவற்றால் நட்டமில்லை. சாப்பிட்ட ஒரு மணி நேரத்தில் வயிறு உப்பி, வலியோடு விருந்தைப் பாதியில் விட்டுப் போகிறவர்கள்தான் இவற்றை நம்பி மாட்டிக்கொள்கிறார்கள். ஒரு பலகாரம் செரிக்குமா என்பதை மைதாவும் சுக்கும் முடிவு செய்வதில்லை. அதிலுள்ள எந்தப் பொருள், எந்த வயிற்றுக்கு, எவ்வளவு அளவில் ஒத்துக்கொள்ளாது என்பதைப் பார்த்தாக வேண்டும்.

முதலில் மக்ரூன். முட்டை வெள்ளைக்கருவை நுரைக்க அடித்து, சர்க்கரையும் முந்திரித் தூளும் கலந்து, கூம்பாகப் பிழிந்து, மெல்லிய சூட்டில் நெடுநேரம் உலர விடுகிறார்கள். ஐரோப்பாவில் பாதாம் இருக்கும் இடத்தில் இங்கே முந்திரி. பிரேசிலிலிருந்து போர்த்துகீசியர் கொண்டுவந்த மரம் அது. இன்றைக்கு ஆப்பிரிக்கப் பச்சை முந்திரிக்கொட்டை தூத்துக்குடித் துறைமுகத்திலும் கப்பல் கப்பலாக வந்து இறங்குகிறது. மக்ரூனில் மாவு இல்லை, ஆகவே குளூட்டன் என்ற கோதுமைப் புரதமும் இல்லை. குளூட்டனால் குடல் கெடும் சீலியாக் நோயாளிக்கு இது பெரிய விஷயம். அப்போதும்கூட மைதா பறக்கும் அடுமனையில் அதே தட்டில், அதே மேசையில் செய்த மக்ரூனை அவர்கள் நம்பிச் சாப்பிட முடியாது. ஆனால் இந்த ஊரில் சீலியாக் எத்தனை பேருக்கு இருக்கிறது? இந்தியாவின் மூன்று பகுதிகளில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட பெரியவர்களிடம் நடத்தி 2016-இல் வெளியான ஆய்வில், வடக்கே ஆயிரத்துக்கு 8.5 பேருக்கு இந்நோய் இருந்தது. தெற்கே அது ஆயிரத்துக்கு 0.1 மட்டுமே. இந்நோய்க்கு இடம்தரும் மரபணு இரு பகுதியினரிடமும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் இருந்தது. வேறுபட்டது தட்டில் விழும் கோதுமை: அங்கே நாளுக்குச் சுமார் 455 கிராம், இங்கே 25 கிராம். நம் கடற்கரையில் குளூட்டன் பயம் பெரும்பாலும் இரவல் பயம்தான். இருந்தாலும் உடல் மெலிவு, தீராத ரத்தசோகை, ஓயாத வயிற்றுப்போக்கு உள்ளவர்கள் மருத்துவரிடம் போகவேண்டும். கோதுமையை நிறுத்துவதற்கு முன்பே ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். நிறுத்திவிட்டால் நோயைக் காட்டும் எதிர்ப்புப் பொருள் குறைந்து, பரிசோதனை பொய் சொல்லிவிடும்.

“கோதுமையை விட்டதும் எனக்கு உப்புசம் நின்றதே, அது என்ன கற்பனையா?” என்று கேட்பார்கள். கற்பனை இல்லை. ஆனால் குற்றவாளி வேறு ஆளாக இருக்கலாம். கோதுமையில் குளூட்டனோடு ஃபிரக்டான் என்ற சர்க்கரைச் சங்கிலியும் இருக்கிறது. அதை உடைக்கும் நொதி மனிதக் குடலில் கிடையாது. பெருங்குடலுக்குப் போய் அங்குள்ள கிருமிகளால் நொதித்து வாயுவாகிறது. எரிச்சல் குடல் நோய் உள்ளவர்களை இந்த வாயு படாத பாடு படுத்தும். ஆஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழகத்தார் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், குளூட்டன் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொன்ன 37 பேருக்கு இவ்வகைச் சர்க்கரைகளைக் குறைத்த உணவு கொடுத்தார்கள். தொந்தரவு தணிந்தது. பிறகு அவர்களுக்குத் தெரியாமல் குளூட்டனை மட்டும் சேர்த்துப் பார்த்தபோது, அதனால் தனியாக எந்தத் தொல்லையும் தெரியவில்லை. இங்கேதான் மக்ரூன் நம்பிக்கை நொறுங்குகிறது. முந்திரியில் ஃபிரக்டானும் அதன் உறவுச் சர்க்கரைகளும் தாராளமாக இருக்கின்றன. அடுப்பின் சூட்டில் அவை அழிந்துவிடுவதில்லை. சீலியாக் நோயாளிக்கு ஏற்ற மக்ரூன், எரிச்சல் குடல்காரருக்கு மைதா பிஸ்கட்டைவிடவும் மோசமாகலாம். மைதாவுக்குப் பதில் ஆட்டா மாவில் சுட்டால் நல்லது என்ற யோசனையும் இவர்களுக்கு உதவாது. தவிடும் முளையும் சேர்ந்த மாவில் ஃபிரக்டான் கூடுதலே தவிரக் குறைவில்லை. நார்ச்சத்து மற்றவர்களுக்கு நல்லதுதான். அந்தக் கேள்வி வேறு, இந்தக் கேள்வி வேறு.

இனி சுக்கு. குமட்டலுக்கு இஞ்சி உதவுகிறது என்பதற்கு நல்ல ஆதாரம் உண்டு, கர்ப்பகாலக் குமட்டல் உட்பட. இரைப்பை காலியாவதை அது விரைவுபடுத்துகிறது என்றும் சோதனைகள் காட்டியுள்ளன. பாட்டி வைத்தியம் இந்த அளவுக்குச் சரி. ஆனால் எரிச்சல் குடல் நோயுள்ள 45 பேரிடம் 28 நாள் நடந்த சோதனையில், நாளுக்கு ஒரு கிராமோ இரண்டு கிராமோ இஞ்சி எடுத்தவர்கள், வெற்று மாத்திரை எடுத்தவர்களைவிட மேலாகவில்லை. சிறிய சோதனைதான், அதை வைத்துச் சுக்கையே தள்ளிவிட முடியாது. ஆனால் பிஸ்கட்டின் கணக்கைப் பாருங்கள். கால் கிலோ மாவுக்கு இரண்டு தேக்கரண்டி சுக்குத்தூள், அதாவது ஏறக்குறைய 4 கிராம் போட்டு, முப்பது பிஸ்கட் சுட்டால், ஒன்றில் விழுவது 0.13 கிராம். ஒரு கிராம் சுக்கு வேண்டுமானால் ஏழெட்டு பிஸ்கட் தின்ன வேண்டும், அவற்றின் வெண்ணெயோடும் சர்க்கரையோடும் சேர்த்து. கொழுப்பு மிகுந்தால் இரைப்பை காலியாவது தாமதமாகும், நெஞ்செரிச்சலும் கிளம்பும். சுக்குக் கஷாயத்தின் பெயரைச் சொல்லி பிஸ்கட்டை மருந்தாக்குவது சுக்குக்கே செய்யும் அநீதி. பிஸ்கட்டில் சுக்கு ருசிக்காக இருக்கட்டும். அதுவே போதுமான காரணம்.

மைதாவை எடுத்துவிட்டால் அது இஞ்சி பிஸ்கட்டாகவே இருக்காது என்ற மறுப்பும் நிற்காது. ஜெர்மனியின் நியூரம்பெர்க் ஊரின் பேர்பெற்ற எலிசன் லெப்குகன் என்ற மசாலா பிஸ்கட்டில் கொட்டைப் பருப்பு கால்பங்காவது இருக்கவேண்டும், மாவு பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பது விதி. நமக்குக் கைகொடுப்பது அரிசி மாவு. தானிய மாவுகளில் சிறுகுடலிலேயே ஏறக்குறைய முழுதாகச் செரித்துவிடுவது அது. முந்திரிக்குப் பதில் வறுத்துப் பொடித்த நிலக்கடலை கொஞ்சம் சேர்க்கலாம், கடலை ஒவ்வாமை இல்லாத வீட்டில். தேனை விடுங்கள். அதில் குளுக்கோஸைவிட ஃபிரக்டோஸ் மிகுதி, அந்த மிகுதியைப் பல குடல்கள் உறிஞ்சாது. உடன்குடிக் கருப்பட்டி இங்கே பொருத்தம், ஆனால் சர்க்கரையைவிட எளிதில் செரிக்கும் என்பதற்காக அல்ல. இரண்டிலும் பெரும்பங்கு ஒரே சுக்ரோஸ்தான். கருப்பட்டியின் புகைவாசமும் சுக்கின் காரமும் கிராம்பு, பட்டையோடு சேர்வது வெள்ளைச் சர்க்கரையில் கிடைக்காது.

செய்முறையில் ஒரு சிக்கல் உண்டு. மேலைநாட்டுக் குறிப்பில் வரும் மொலாசஸ் புளிப்புத்தன்மை உடையது, சமையல் சோடாவைப் பொங்கவைப்பது அதுதான். பதநீர் புளிக்காமலிருக்கக் கலயத்தில் சுண்ணாம்பு பூசுவதால் கருப்பட்டியிடம் அந்தப் புளிப்பை எதிர்பார்க்க முடியாது. ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு சேர்க்காவிட்டால் சோடா மிஞ்சி, பிஸ்கட்டில் சோப்பு வாடை அடிக்கும். குளூட்டன் இல்லாத மாவைப் பிடித்துவைக்க ஒரு முட்டையும் கெட்டியான கருப்பட்டிப் பாகும் வேண்டும். பிசைந்த மாவை அரைமணி நேரம் ஊறவிட்டால் அரிசியின் நறநறப்பு போகும். சுட்டதும் தட்டிலேயே ஆறவிட்டு எடுத்தால் உடையாது. முதல் நாள் இரண்டே பிஸ்கட், வேறு பலகாரம் எதையும் கலக்காமல் சாப்பிட்டுப் பாருங்கள். வயிறு அமைதியாக இருந்தால் அடுத்த முறை மூன்றாகட்டும். உப்பினால், அடுத்த ஈடில் கடலையை மட்டும் நிறுத்திப் பாருங்கள்.