வெள்ளை டாபர்மேன் வேண்டுமா?

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். பாலாடை நிற உடம்பு, நீலக் கண், இளஞ்சிவப்பு மூக்கு. அழகான குட்டிதான். அரிய வகை என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்கிறார்களாமே. வாங்காதே.

டாபர்மேன், 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் அப்போல்டா ஊரில் வரி வசூலித்த லூயி டோபர்மான் காவலுக்கென உருவாக்கிய இனம். கறுப்பு, சிவப்பு, நீலச் சாம்பல், வெளிர்பழுப்பு ஆகிய நான்கு நிறங்களைத்தான் அமெரிக்காவில் ஏற்கிறார்கள். வெள்ளை அங்கே 1976-இல் தலைகாட்டியது. இரண்டு கறுப்பு நாய்களுக்குப் பிறந்த ஷீபா என்ற பெட்டைக் குட்டி அது. அதற்குப் பிறந்த குட்டிகள் கறுப்பாகவே இருக்க, வெள்ளை வேண்டும் என்பதற்காகப் பெற்ற மகனோடேயே அதை இணை சேர்த்தார்கள். எனக்கு ஆறாத கோபம் இதில்தான். நெருங்கிய உறவுக்குள் திரும்பத் திரும்ப இணை சேர்த்தால் நிறம் மட்டுமா இரட்டிக்கும்? மறைந்து கிடக்கும் நோய்களும் சேர்ந்தே வரும். இதயத் தசை நோய்க்குப் பேர்போன இனம் வேறு.

கண் சிவப்பாக இல்லை, அதனால் பிறவியிலேயே நிறமி குறைந்த அல்பினோ இல்லை என்று விற்பவர் சொல்லுவார். நம்பாதே. அல்பினோக்களுக்கு நீலக் கண்ணும் இருக்கும். 2014-இல் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காரணத்தையே கண்டுபிடித்துவிட்டார்கள். வெள்ளை டாபர்மேன்களின் எஸ்எல்சி45ஏ2 என்ற மரபணுவில் 4,081 டிஎன்ஏ எழுத்துகள் விடுபட்டிருக்கின்றன. மனிதர்களில் ஒருவகை அல்பினிசத்துக்கும் இதே மரபணுதான் காரணம். அந்த ஆய்வில் 20 வெள்ளை நாய்களில் 12-க்கு நிறச்செல் கட்டிகள் இருந்தன. வழக்கமான நிறமுள்ள 20-இல் ஒன்றுக்குத்தான். கருவிழியில் நிறம் குறைவதால் வெளிச்சம் தடையின்றி உள்ளே பாயும். நண்பகலில் முற்றத்தில் விட்டுப் பார்த்தால் தெரியும்: கண்ணை இடுக்கிக்கொண்டு, தலையைத் தாழ்த்தி, நிழலைத் தேடி ஒதுங்கும். வெயிலில் நின்று காவல் காக்க வேண்டிய நாய்க்கு இந்தக் கதி.

நம் ராஜபாளையமும் வெள்ளைதானே என்பாய். அது வேறு கதை. அப்படிப்பட்ட வெள்ளை நாய்கள் சில செவிடாகப் பிறப்பது, உட்காதில் நிறச்செல்களே இல்லாமல் போவதால். வெள்ளை டாபர்மேனுக்கு நிறச்செல் உண்டு, நிறத்தைத்தான் ஒழுங்காகத் தயாரிக்க முடியவில்லை.

கறுப்புக் குட்டி வாங்கினாலும் கவனம் வேண்டும். இந்த வெள்ளை நிறம் ஒடுங்கு பண்பு. தாயும் தகப்பனும் கறுப்பாக இருந்துகொண்டே இதைச் சுமக்கலாம். அப்படிப்பட்ட இரண்டைச் சேர்த்தால் நாலில் ஒன்று வெள்ளையாகப் பிறக்க வாய்ப்பு. மீதிக் கறுப்புக் குட்டிகளிலும் மூன்றில் இரண்டு பங்கு இதைச் சுமக்கும். அமெரிக்கக் கென்னல் கிளப் 1996 முதல் ஷீபாவின் குடும்பத்து நாய்களின் பதிவெண்ணில் தனி எழுத்துகளைச் சேர்த்தது இதனால்தான். இப்போது கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் தேய்த்து எடுத்தாலே மரபணுச் சோதனை செய்துவிடலாம். தாய், தகப்பன் இரண்டின் முடிவையும் கேள். காட்டத் தயங்கினால் வேறு இடம் பார்.

அந்த வெள்ளைக் குட்டியை வேறு யாராவது வாங்கினால், அப்படிப் பிறந்தது அதன் குற்றமில்லை என்று சொல். விடியற்காலையிலும் அந்தி சாய்ந்த பிறகும் மட்டும் நடக்கக் கூட்டிப்போகட்டும். உதடு, இமை, வயிற்றுத் தோல் ஆகியவற்றை வாரந்தோறும் தடவிப் பார்த்து, சிறு முடிச்சு தட்டுப்பட்டாலும் கால்நடை மருத்துவரிடம் காட்டட்டும். கருத்தடையும் செய்துவிடச் சொல்.

அன்புடன்,
அண்ணன்