இருவாச்சியும் பொந்து மரமும்

சேலம், நாமக்கல் சமவெளியில் உள்ள உழவர்கள் பெரிய இருவாச்சியைக் காண வேண்டுமானால் ஆனைமலை, வால்பாறைப் பக்கம் செல்லலாம். 3 முதல் 4 அடி நீளமும், 2 முதல் 4 கிலோ எடையும் உள்ள பறவை இது. மஞ்சள் நிற அலகின் மேல் பெரிய புடைப்பு ஒன்று இருப்பதால் இரண்டு அலகுகள் உள்ளதுபோல் தோன்றும். பறக்கும்போது இறக்கையோசை வெகு தூரம் கேட்கும்.

ஆல், அத்தி, இச்சி இனப் பழங்களே இதன் முக்கிய உணவு. தின்ற பழங்களின் விதைகளைத் தொலைவில் கொண்டுபோய் எச்சமாகவும் கக்கியும் போடுவதால், காட்டில் புதிய மரங்கள் முளைக்கின்றன.

இதன் குடும்ப வாழ்க்கை விந்தையானது. முட்டையிடும் பருவத்தில் பெட்டை ஒரு பெரிய மரத்தின் பொந்தினுள் புகுந்து, தன் எச்சத்தையும் உணவுக் கழிவையும் பூசி வாயிலை அடைத்துவிடும். அலகு நுழையும் அளவுக்கு ஒரு பிளவு மட்டுமே மிஞ்சும். உள்ளே 1 அல்லது 2 முட்டைகள். பெட்டையின் இறக்கைச் சிறகுகளும் அங்கேயே உதிர்ந்து முளைக்கும். இத்தனை நாளும் சேவல்தான் பழங்களைத் தொண்டையில் அடக்கிவந்து ஒவ்வொன்றாக ஊட்டும். அதை யாராவது சுட்டுவிட்டால் பொந்தில் உள்ளவை பட்டினிதான். ஒரே மரத்துக்கு ஆண்டுதோறும் வருவதும் உண்டு.

ஆனால் மரங்கொத்தியைப் போல் பொந்து குடைய இருவாச்சிக்குத் தெரியாது. கிளை முறிந்து, உளுத்து, தானாகப் பொந்து விழுந்த முதுமரம் வேண்டும்.

உங்கள் நிலக்கடலைக் கொல்லையில் கொத்தித் திரியும் கொண்டலாத்தி இருவாச்சிக்கு உறவு! வாயிலை அடைப்பதில்லையே தவிர, அதன் பெட்டையும் பொந்தில் அடைகாக்க, சேவல் இரை கொண்டுவரும். மண்ணுக்குள் கிடக்கும் புழுக்களையும் கூட்டுப்புழுக்களையும் தோண்டித் தின்னும் இப்பறவைக்கும், புள்ளி ஆந்தைக்கும், பனங்காடைக்கும் கிடைத்த பொந்துதான் வீடு. எலி தின்னும் கூகையும் பெரும்பாலும் மரப்பொந்திலோ பாழடைந்த கட்டடத்திலோதான் குஞ்சு பொரிக்கும்.

ஆகவே வரப்போரத்து முதிர்ந்த மரத்தையும் தலைபோன பனையையும் விறகுக்கென்று அவசரப்பட்டு வெட்ட வேண்டாம். நிழலால் ஓரத்து வரிசைகளில் விளைச்சல் குறையும் என்பது உண்மையே. அதற்குக் கிளைகளைக் கழித்தாலே போதும். வீட்டின் மேலோ வழியிலோ விழக்கூடிய மரமானால் வெட்டத்தான் வேண்டும். அப்போதும் காலையில் சற்று நின்று, பறவைகள் போய்வருகின்றனவா என்று பாருங்கள். குஞ்சு இருந்தால், ஆபத்து உடனடியாக இல்லாதபோது, அவை பறந்து போகும்வரை பொறுங்கள். ஆலம் போத்து ஒன்றை இன்று ஊன்றினாலும் அதில் பொந்து விழ ஒரு தலைமுறைக்கு மேல் ஆகும்.