மாடியில் விளையும் மின்சாரம்

1905ஆம் ஆண்டு, சிவனசமுத்திரத்துக் காவிரி அருவியில் விளைந்த மின்சாரத்தால் பெங்களூருவின் தெருவிளக்குகள் ஒளிர்ந்தன. இன்று அந்நகரின் மொட்டைமாடிகளே மின்சாரம் விளைவிக்கின்றன. ஆயினும், சூரிய மின்தகடு பதித்த வீடும் மின்தடையின்போது இருளக் காணலாம். பொதுமின்கம்பியோடு மட்டும் இணைந்த இன்வெர்ட்டர், கம்பியில் மின்னோட்டம் நின்றவுடன் தானும் நின்றுவிடும். கம்பியைப் பழுதுபார்க்கும் பணியாளர்மீது மின்சாரம் பாயாதிருக்கவே இவ்வேற்பாடு. அவ்வேளையிலும் விளக்கெரிய, பேட்டரி எனப்படும் மின்கல அடுக்கும் அதற்கேற்ற இன்வெர்ட்டரும் வேண்டும்.

எவ்வளவு பெரியது வாங்குவது? கடைக்குச் செல்லுமுன் கணக்கிடுதல் நன்று. இரண்டு மின்விசிறிகளுக்கு 150 வாட், நான்கு விளக்குகளுக்கு 40, இணைய மோடத்திற்கு 10. ஆக 200 வாட். நான்கு மணி நேரத்திற்கு 800 வாட்-மணி. 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி கொண்ட ஈய அமில மின்கல அடுக்கில் 1,800 வாட்-மணி அடங்கும். ஆனால் பாதிக்குமேல் அடிக்கடி செலவழித்தால் அதன் ஆயுள் குறையும். ஆகவே 900 என்றே கொள்ளவேண்டும். இன்வெர்ட்டரில் வீணாகும் பத்தில் ஒரு பங்கையும் கழித்தால் எஞ்சுவது 810. போதும், ஆயினும் மட்டுமட்டுதான்.

லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையில் ஐந்தில் நான்கு பங்கைப் பயன்படுத்தலாம்; காய்ச்சி வடித்த நீர் ஊற்றும் வேலையும் இல்லை. விலையோ மிகுதி. மின்தடை அரிதாகவே நிகழும் தெருவில் அச்செலவு வீண். இன்சுலின் மருந்தைக் குளிர்பதனப் பெட்டியில் காத்துவரும் முதியவர் வாழும் வீட்டில் நிலைமை வேறு. அங்கே கணக்கு அப்பெட்டியிலிருந்தே தொடங்கவேண்டும். அது இயங்கத் தொடங்கும் கணத்தில் பலமடங்கு மின்சாரத்தை இழுக்கும். இன்வெர்ட்டர் அதையும் தாங்கவேண்டும்.

பயிற்சி: உங்கள் வீட்டு மின்சாதனங்களின் வாட் அளவைக் குறித்துக்கொண்டு, மூன்று மணி நேர மின்தடைக்குத் தேவையான மின்கல அடுக்கின் அளவைக் கணக்கிட்டு எழுதுக.