உங்களுக்காகச் செயற்படுபவர் யார்? சொற்களை அறிந்து கையொப்பமிடுவோம்

நீண்ட காலத்தின் பின் சொந்த ஊருக்குத் திரும்பும்போது காணி, வீட்டுத்திட்டம், வங்கி, பிறப்பு இறப்புப் பதிவு எனப் பல அலுவல்கள் ஒரே நேரத்தில் வந்து சேரும். எல்லா இடத்துக்கும் நீங்களே போக முடியாது. உங்களுக்காக இன்னொருவர் போவார், பேசுவார், சில வேளை கையொப்பமும் இடுவார். "ஓர் ஆள் பார்க்கிறார்" என்று நாம் பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால், அந்த ஆளுக்கு எந்தப் பெயர் என்பதைப் பொறுத்தே அவருடைய அதிகாரமும் அமையும். இந்தப் பாடத்தில் அந்தப் பெயர்களைப் பார்ப்போம்.

1. பிரதிநிதி

கிராம அபிவிருத்திச் சங்கமோ மாதர் சங்கமோ கூட்டத்துக்கு அனுப்பும் ஒருவர் உங்கள் ஊரின் பிரதிநிதி. ஊரின் தேவைகளை எடுத்துச் சொல்வது அவருடைய வேலை. உங்கள் தனிப்பட்ட காணியையோ உதவித்தொகையையோ பற்றி முடிவெடுக்கவும் உங்களுக்காகக் கையொப்பமிடவும் அவருக்கு அதிகாரம் இல்லை.

2. தரகரும் முகவரும்

விற்பவரையும் வாங்குபவரையும் சேர்த்து வைப்பவர் தரகர். அதற்காக அவர் தரகுப் பணம் பெறுவார். உங்கள் பெயரில் ஒப்பந்தம் செய்ய அவருக்கு உரிமை இல்லை. உங்கள் உறுதியின் மூலப்பிரதியை அவரிடம் கொடுத்துவைக்க வேண்டாம். காட்ட வேண்டுமானால் நிழற்பிரதி போதும்.

முகவர் என்பவர் ஒரு நிறுவனத்துக்காகவோ ஆளுக்காகவோ அலுவல் பார்ப்பவர். வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்க்கும் முகவர், இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் பெற்றிருக்க வேண்டும். பணமோ கடவுச்சீட்டோ கொடுக்குமுன் அதைக் காட்டும்படி கேளுங்கள்.

3. அற்றோணித் தத்துவம் பெற்றவர்

இந்தப் பாடத்தில் மிகக் கவனமாக வாசிக்க வேண்டிய பகுதி இது. 'அற்றோணி' என்ற சொல் ஆங்கிலத்திலிருந்து வந்தது. அற்றோணித் தத்துவம் என்பது "என் இடத்தில் நின்று நீ செய்யலாம்" என்று எழுத்தில் கொடுக்கும் அதிகாரம். அதைப் பெற்றவர் அந்த அதிகாரத்துக்குள் இடும் கையொப்பம் உங்கள் கையொப்பமாகவே கொள்ளப்படும்.

இது இரண்டு வகைப்படும். ஒரு குறித்த வேலைக்கு மட்டும் கொடுப்பது விசேட தத்துவம். பல அலுவல்களுக்கும் பொதுவாகக் கொடுப்பது பொதுத் தத்துவம்.

உதாரணமாக, கனடாவில் இருக்கும் அண்ணா, ஊரிலுள்ள தன் காணியைத் துப்புரவாக்கி வேலியடைக்கும் பொறுப்பை மைத்துனரிடம் விடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் எழுதிக் கொடுத்தது விற்கும் அதிகாரமும் அடங்கிய பொதுத் தத்துவம் என்றால், மைத்துனர் அந்தக் காணியை விற்கவும் கூடும். பராமரிப்பு மட்டுமே தேவை என்றால், பராமரிப்பு என்று மட்டுமே எழுத வேண்டும்.

தத்துவம் கொடுத்தவர் உயிரோடு இருக்கும்போது அதை இரத்துச் செய்யலாம். இரத்துச் செய்ததை எழுத்தில் அறிவித்து, பதிவும் செய்துகொள்ளுங்கள். கொடுத்தவர் இறந்தால் தத்துவமும் முடிந்துவிடும். அதன் பின் அதைக் காட்டிக் காணி விற்க வருபவரிடம் வாங்க வேண்டாம்.

4. சட்டத்தரணியும் நொத்தாரிசும்

நீதிமன்றத்தில் உங்களுக்காகப் பேசுபவர் சட்டத்தரணி. நொத்தாரிசு உறுதியை எழுதி அத்தாட்சிப்படுத்துபவர். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, காணி விற்பனை எழுத்தில் இருக்க வேண்டும். நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளுடன் கையொப்பமிடப்படவும் வேண்டும். வெறும் கடதாசியில் எழுதி வாங்கும் துண்டு உறுதியாகாது. உறுதி உங்களுக்குத் தெரியாத மொழியில் இருந்தால், அதை வாசித்து விளக்கும்படி நொத்தாரிசிடம் கேளுங்கள். அது உங்கள் உரிமை.

5. பாதுகாவலர்

தாய் தந்தையை இழந்த பிள்ளையைப் பேரனோ பேத்தியோ மாமியோ வளர்க்கலாம். ஆனால் பிள்ளையின் பெயரிலுள்ள காணியை, பிள்ளை 18 வயதை அடையுமுன் விற்க நீதிமன்ற அனுமதி வேண்டும். வளர்ப்பவர் என்பதால் மட்டும் அந்த அதிகாரம் வந்துவிடாது.

6. உங்கள் சார்பில் செயற்படாதவர்கள்

சாட்சி: நீங்கள் கையொப்பமிட்டதைக் கண்டவர் மட்டுமே.

பிணையாளி: நீங்கள் கடனைக் கட்டாவிட்டால் கட்டுவதாக ஒப்புக்கொண்டவர். ஒருவருக்குப் பிணை நிற்குமுன் அந்தக் கடனை உங்களால் கட்ட முடியுமா என்று யோசியுங்கள்.

பின்னுரித்தாளர்: அனுமதிப்பத்திரக் காணியில் உங்களுக்குப் பின் உரிமை பெற நீங்கள் பெயர் குறிப்பிடுபவர். பெயர் பதியப்படாமல் இருந்தால் பிரதேச செயலகத்தின் காணிக் கிளையில் விசாரியுங்கள்.

கிராம அலுவலர்: அரசின் சார்பில் செயற்படுபவர். உங்கள் வதிவிடத்தை உறுதிப்படுத்துவார். காணியின் உரிமையாளரை மாற்ற அவரால் முடியாது.

கையொப்பமிடுமுன் கேளுங்கள்

• இந்த ஆளுக்கு என்ன அதிகாரம் கொடுக்கிறேன்? எதற்கு, எவ்வளவு காலத்துக்கு?
• வெற்றிடம் ஏதாவது நிரப்பப்படாமல் இருக்கிறதா? வெற்றுத் தாளில் ஒருபோதும் கையொப்பமோ கைநாட்டோ இட வேண்டாம்.
• பிரதி ஒன்று என் கையில் இருக்கிறதா? கொடுத்த பணத்துக்குப் பற்றுச்சீட்டு உண்டா?

கணவர் காணாமற்போன நிலையில் தேசவழமைச் சட்டத்துக்கு உட்பட்ட பெண் ஒருவர் தன் பெயரிலுள்ள காணியை விற்கவோ எழுதிக் கொடுக்கவோ விரும்பினால், கணவரின் சம்மதத்துக்குப் பதிலாக மாவட்ட நீதிமன்றத்தின் அனுமதியைப் பெறலாம். "கணவரின் கையொப்பத்தை நாங்கள் ஒழுங்கு செய்கிறோம்" என்று வருபவர்களை நம்ப வேண்டாம். சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணம் இல்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையத்தை நாடலாம்.

வீட்டில் செய்து பாருங்கள்: உங்களிடமுள்ள பத்திரங்களை எடுத்து வைத்து, ஒவ்வொன்றிலும் யார் யாருடைய பெயர் இருக்கிறது, எந்தத் தகுதியில் இருக்கிறது என்று குடும்பமாக வாசியுங்கள். விளங்காத சொல்லைக் குறித்துக்கொண்டு, எமது நடமாடும் சேவை உங்கள் ஊருக்கு வரும் நாளில் கொண்டு வாருங்கள்.