ஓர்கெலிக்குப் பக்கத்தில் ஒரு கதிரை

அன்பு மருமகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கிற்றாரையே தொழிலாக எடுக்கப் போகிறாய் என்று எழுதியிருக்கிறாய். எடு. கொம்மாவோடு நான் கதைக்கிறேன், அதைப் பற்றி யோசிக்காதே. முதல் இசைத்தட்டையே வேர்ல்ட் மியூசிக்காகப் போடப் போகிறேன், கர்நாடக ராகமும் லத்தீன் தாளமும் கலந்து என்றும் எழுதியிருக்கிறாய். அதுதான் என்னை யோசிக்க வைத்தது.

மக்ஸ் லெஸ்ஸரை நீ கேட்டிருப்பாய். கேட்காவிட்டால் இந்த வாரமே கேள். 1950இல் பிறந்த சுவிஸ் கிற்றார்க்காரர். ஃபோக், புளூஸ் என்று தொடங்கி, சூரிச்சின் ஹார்ப் கலைஞர் ஆண்ட்ரியாஸ் ஃபோலன்வைடரோடும் வாசித்தார். ‘ஆர்க்’ என்ற தன் குழுவோடு பல நாட்டு இசைகளுக்குள்ளும் போய்வந்தார். நீ இப்போது ஆசைப்படுகிற இடம் அது. அங்கேயே அவர் நின்றிருக்கலாம். நடு வயதுக்குப் பிறகு ‘ஊபர்லாண்ட்ஒர்கெஸ்டர்’ என்ற குழுவை அமைத்து, நாம் வாழும் இந்தச் சுவிஸ் நாட்டின் பழைய நாட்டுப்புற மெட்டுகளைக் கையில் எடுத்தார். பக்கத்தில் மார்க்குஸ் ஃப்ளூக்கிகர் ஷ்வீட்சர்ஓர்கெலி என்ற சின்ன அக்கோர்டியனை வாசிக்க, இவர் ஸ்லைட் கிற்றாரோடு இருந்தார். லெஸ்ஸருடைய வேலையில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். உலகம் சுற்றிய கை என்பது அதில் தெரியும். ஆனால் மெட்டை அது அமுக்காது.

இந்த ஊர் நாட்டுப்புற நடன இசையான லெண்ட்லரில் கிற்றாருக்கென்று நிலையான கதிரை கிடையாது. ஓர்கெலி, கிளாரினெட், பியானோ, பெரிய பாஸ், இவைதான் வீட்டுக்காரர். கிற்றார் வந்தால் பக்கவாத்தியமாக வரும். நீ அந்தப் பக்கவாத்தியக் கதிரையில் கொஞ்சக் காலம் இரு என்பதுதான் நான் சொல்ல வந்தது. இங்கே எத்தனையோ அரங்கேற்றங்களுக்கு மிருதங்கம் வாசித்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன். பக்கவாத்தியத்தில் இருப்பவனுக்குத்தான் பாட்டின் மூச்சு எங்கே நிற்கிறது என்று தெரியவரும்.

அந்தக் கதிரைக்குப் போன உடனே ஒரு சிக்கல் வரும். ஓர்கெலிகள் பெரும்பாலும் பி-ஃப்ளாட், ஈ-ஃப்ளாட்டில்தான் செய்யப்படுகின்றன. கிற்றாருக்குப் பிடிக்காத சுருதிகள் அவை. கப்போவை முதல் ஃபிரெட்டில் போடு. ஈ-ஃப்ளாட்டுக்கு டி வடிவம், பி-ஃப்ளாட்டுக்கு ஏ, ஏ-ஃப்ளாட்டுக்கு ஜி. திறந்த தந்திகள் திரும்பக் கிடைத்துவிடும், முழு இரவும் வாசிக்கலாம். வால்ஸில் முதல் தட்டைப் பாஸ்காரரிடம் விட்டுவிடு. அவர் போட்ட பிறகு இரண்டாவதையும் மூன்றாவதையும் குறுக்கி, மெல்லமாகப் போடு. எல்லாத் தட்டையும் நீயே அடித்தால் ஆடுபவர்களின் கால் கனத்துப் போகும். ஷொட்டிஷ் என்ற நடனம் அதைவிடக் கடினம். அதைப் பிறகு பார்.

அல்ப்ஹோர்ன் என்ற நீண்ட மரக்கொம்பையும் உட்கார்ந்து கேள். அதில் துளை இல்லை, உதட்டால்தான் சுரத்தைப் பிரிக்கிறார்கள். அதன் பதினோராவது இயற்கைச் சுரம், சுத்த மத்தியமத்துக்கும் பிரதி மத்தியமத்துக்கும் ஏறக்குறைய நடுவில் விழும். அல்ப்ஹோர்ன்-ஃபா என்பார்கள். மலைப் பள்ளத்தாக்குகளின் பழைய யோடலிலும் அது வரும். பியானோவில் அந்தச் சுரம் இல்லவே இல்லை, கிற்றாரின் ஃபிரெட்டிலும் இல்லை. ஸ்லைடால் தொடலாம். சின்ன வயதில் வாய்ப்பாட்டு வகுப்பில் கமகம் பிடித்த உன் காதுக்கு அது உடனே பிடிபடும். நீ தேடுகிற கலப்பு நடக்கக்கூடிய இடம் இதுவென்று நினைக்கிறேன். இரண்டு இசையும் தாமாகவே கிட்ட வருகிற இடம். கல்யாணி ஆலாபனைக்குப் பின்னால் பொங்கோ போடுவதில் அந்தக் கிட்டம் வராது, பிள்ளை.

மெட்டுக்குப் பஞ்சமில்லை. ஹன்னி கிறிஸ்டன் என்ற பெண்மணி ஊர் ஊராகப் போய், வயதானவர்களிடமும் பழைய கைப்பிரதிகளிலும் இருந்து 10,000க்கு மேற்பட்ட நடன மெட்டுகளைச் சேர்த்து வைத்தார். 1976இல் இறந்துபோனார். தொகுப்பு நூலாக வந்ததோ 2002இல்தான். தன் உழைப்பு அச்சில் வந்ததை அவர் பார்க்கவில்லை என்று நினைக்கும்போது எனக்கு மனம் கனக்கும். ஊரி மாநிலத்தின் அல்ட்டோர்ஃபில் நாட்டுப்புற இசைக்கென்றே ஒரு இல்லம் இருக்கிறது, ஹவுஸ் டெர் ஃபோல்க்ஸ்மியூசிக். அங்கே போய்ப் பழகு. உன் நிறத்தைப் பார்த்து ஒரு நிமிடம் யோசிப்பவர்களும் இருப்பார்கள். இரண்டாவது வால்ஸில் தட்டு சரியாக விழுந்தால் கதிரையை நகர்த்தி இடம் தருவார்கள்.

இனிச் சோறு. மேடை வருமானத்தை மட்டும் நம்பாதே. லுசேர்ன் இசைக் கல்லூரியில் நாட்டுப்புற இசையைச் சிறப்புப் பாடமாக எடுக்கலாம். அதோடு கற்பித்தல் பட்டத்தையும் சேர்த்து எடு. 2012 செப்டெம்பரில் மக்கள் 72.7 வீதம் ஆதரவாக வாக்களித்து இசைக் கல்வியை அரசியலமைப்பிலேயே சேர்த்த நாடு இது. இசைப் பள்ளியில் பாதி வேலை இருந்தால், மீதி நாட்களில் விரும்பியதை மட்டும் வாசிக்கலாம். பிடிக்காத கச்சேரிக்கு மாட்டேன் என்று சொல்லவும் முடியும்.

சூயிசா என்ற இசை உரிமைச் சங்கத்தில் சேர்ந்து, ஆக்கங்களை ஒன்றுவிடாமல் பதிந்து வை. பழைய மெட்டை நீ புதிதாக அமைத்தால் அந்த அமைப்பைப் பதியலாம். மெட்டையே உன்னுடையது என்று எழுதாதே. ஆஹாஃபௌ என்ற முதியோர் காப்பீட்டுப் பணத்தை ஒரு வருடமும் தவறவிடாதே. இருபது வயது முடிந்து வருகிற ஜனவரியிலிருந்து, வேலை இல்லாவிட்டாலும் கட்ட வேண்டும். இடைவெளி விழுந்தால் ஓய்வூதியத்தில் வெட்டு விழும். இளம் கலைஞர்கள் அதற்காக வரும் கடித உறையைத் திறக்காமலே வைத்திருப்பார்கள். நீ வந்த அன்றே திற. விளங்காத ஜெர்மன் சொல் இருந்தால் படம் எடுத்து எனக்கு அனுப்பு.

அன்புடன்,
மாமா