வினாவுக்கு முந்திய விடை

நுழையும்முன்

அறிவுக்குக் கிடைக்கும் பரிசு பெருமைக்குரியது. அவ்வறிவே நாடகமானால் அப்பெருமை நிலைக்குமா? அமெரிக்கத் தொலைக்காட்சி வரலாற்றின் ஒரு பருவம் இதற்கு விடை தருகிறது.

1956ஆம் ஆண்டு செப்டம்பரில் 'ட்வென்டி ஒன்' என்னும் வினாடி வினா நிகழ்ச்சி என்.பி.சி. தொலைக்காட்சியில் தொடங்கியது. போட்டியாளர் இருவரும் ஒலிபுகா அறைகளில் தனித்தனியே நின்று விடையளிப்பர். 21 புள்ளிகளை எட்டுவதே இலக்கு.

தொடர்ந்து வென்றுவந்த ஹெர்பர்ட் ஸ்டெம்பெல், டிசம்பரில் கொலம்பியா பல்கலைக்கழக ஆசிரியர் சார்லஸ் வான் டோரனிடம் தோற்றார். 1955ஆம் ஆண்டின் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் விருதைப் பெற்றது 'மார்ட்டி' என்பதை அறிந்திருந்தும், தயாரிப்பாளரின் சொற்படி அவர் தவறாக விடையளித்தார். வான் டோரனுக்கோ விடைகள் முன்னரே தரப்பட்டிருந்தன. சிந்திப்பதுபோல் தயங்கவும் பயிற்சி அளிக்கப்பட்டது. 1,29,000 டாலர் வென்ற அவரை நாடே கொண்டாடியது.

1959 நவம்பரில் நாடாளுமன்றக் குழுவின்முன் வான் டோரன் உண்மையை ஒப்புக்கொண்டார். ஆசிரியப் பணியை இழந்தார். இத்தகைய மோசடியைக் குற்றமாக்கும் சட்டத்திருத்தம் 1960இல் நிறைவேறியது. விடை அறிந்தும் மறைத்தவர் ஒருவர். அறியாததை அறிந்ததாகக் காட்டியவர் மற்றொருவர். இருவரையும் நம்பியிருந்தோர் பல்லாயிரம் இல்லத்தினர்.

கற்பவை கற்றபின்

ஸ்டெம்பெல், வான் டோரன் இருவருள் மிகுதியாக இழந்தவர் எவர்? காரணம் கூறி வகுப்பில் கலந்துரையாடுக.