நீரிழிவாளரும் காரீயமும்



முத்தையாபுரத்திலும் அண்டை ஊர்களிலும் நிலத்தடி நீரில் உலோகம் கலந்துளதோ என்னும் கவலை பல்லாண்டுகளாக உண்டு. தூத்துக்குடித் தாமிர உருக்காலையை மூடுமாறு 2018 மே 28இல் தமிழக அரசு ஆணையிட்டது. அதனைத் திறக்கக் கோரிய மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரி 29இல் தள்ளுபடி செய்தது. ஆயினும் ஆலை மூடியதனால் கவலை முற்றும் தீர்ந்ததென்று எண்ணலாகாது. நம் வீட்டிலும் தொழிலிலும் உலோகம் உடலுட் புகும் வழிகள் உள. நீரிழிவு உடையோர் இதனை அறிந்திருத்தல் மிகவும் அவசியம்.

இரத்தத்தில் நிகழ்வது யாது?

இரத்தத்திற்குச் செந்நிறம் தருவது ஹீமோகுளோபின். எலும்பு மஜ்ஜையில் இரும்புச் சத்தைக் கொண்டு அது உருவாகிறது. இவ்வேலைக்குரிய நொதிகளைக் காரீயம் தடுப்பதால், இரும்பு இருந்தும் பயன்படுவதில்லை. செவ்வணுக்களும் காலத்திற்கு முன்பே அழிகின்றன. விளைவு சோகை. இரும்புச் சத்துக் குறைந்த உடலோ காரீயத்தை மேலும் மிகுதியாக உறிஞ்சும்.

நீரிழிவாளருக்கு இன்னல் இரட்டிப்பாகும். செவ்வணு உற்பத்தியைத் தூண்டும் சுரப்பு சிறுநீரகத்தில் உண்டாகிறது. நெடுநாள் மிகுந்த சர்க்கரை சிறுநீரகத்தைக் கெடுக்கும். காரீயமும் காட்மியமும் அதே உறுப்பைத் தாக்கும். ஜப்பானின் ஜின்சு ஆற்றுப் படுகையில், சுரங்கக் கழிவிலிருந்த காட்மியம் நெல்வயல்களிற் கலந்து மக்களின் சிறுநீரகத்தையும் எலும்பையும் அழித்ததை அந்நாட்டு அரசு 1968இல் ஒப்புக்கொண்டது.

சோதனையும் ஏமாற்றும்

செவ்வணுவின் ஆயுள் ஏறத்தாழ 120 நாள். அதிற் படிந்த சர்க்கரையை அளப்பதே மூன்று மாதச் சர்க்கரைச் சோதனை. அணுக்கள் விரைவில் அழியின், சர்க்கரை படியக் காலம் போதாது. சோதனை உண்மையிலும் குறைந்த எண்ணைக் காட்டும். இரும்புக் குறைவால் வந்த சோகையிலோ எண் கூடுதலாகத் தோன்றலாம். குறைந்த எண்ணை நம்பி மருந்தைக் கைவிடுவோர் கண்ணையும் காலையும் இழக்கும் அபாயம் உண்டு.

செய்யத்தக்கவை

1. ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயத்தால் ஆனதாயிருத்தல் வேண்டும். காரீயக் கலப்பிருப்பின், புளி அதனைக் கரைத்து உணவிற் சேர்க்கும்.

2. வலைக்கு ஈயக்குண்டு வார்ப்பதையும் பழைய பாட்டரி உடைப்பதையும் வீட்டினுள் செய்யலாகாது. சில சாயங்களிலும் உலோகம் உண்டு. ஆதலின் நெசவாளரும் கை கழுவிய பின்னரே உண்க.

3. சர்க்கரையை அடியோடு தீர்க்கும் என்று விற்கப்படும் பெயரற்ற பொடிகளை விலக்குக. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் விற்ற 70 ஆயுர்வேத மருந்துகளை ஆராய்ந்து 2004இல் வெளியிட்ட முடிவின்படி, 14இல் காரீயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது.

4. பீடி, சுருட்டுப் புகையில் காட்மியம் உண்டு. அவற்றை விடுக.

5. மூன்று மாதச் சோதனையுடன் ஹீமோகுளோபினையும் சிறுநீரகத்தையும் சோதிக்கச் செய்க. 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் ஹீமோகுளோபின் ஆணுக்கு 13 கிராமுக்கும், கருவுறாத பெண்ணுக்கு 12 கிராமுக்கும் குறையின் அது சோகையாகும்.

6. டாக்டரிடம் நம் தொழிலையும் கூறுக. வேண்டின் இரத்தத்திற் காரீயத்தையும் அளக்கலாம். அது 100 மில்லிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமை எட்டினால், வந்த வழியைக் கண்டு அடைக்க வேண்டுமென்பது உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் கூறிய விதி.

சோகையும் சர்க்கரையும் ஒருங்கே உள்ளவர் ஒரே எண்ணை நம்பி மருந்தைத் தாமே குறைத்தல் கூடாது. அந்த எண் ஏன் குறைந்தது என்று டாக்டரைக் கேட்பதே அறிவுடைமை.